காரணம் என்னும் கயிறு

அறபு மொழியில் ‘ஸபப்’ என்றொரு சொல் உண்டு. காரணம் என்பதே இன்று அதற்கு நாம் கொள்ளும் பொருள். பேரகராதிகளைப் புரட்டிப் பார்ப்போர்க்கு அதன் பழம்பொருள் வேறாகத் தோன்றும். கயிறு என்பதே அப்பொருள்; ஏறுவதற்கும் இறங்குவதற்கும் பற்றிக்கொள்ளும் நீண்ட வலிய கயிறு. ஒன்றைச் சென்றடைய உதவுவது எதுவோ அதெல்லாம் ஸபப் எனப் பின்னர்ப் பொருள் விரிந்தது. கிணற்று நீருக்குக் கயிறு எப்படியோ, விளைவுக்குக் காரணம் அப்படி.

ஒற்றை நாரால் ஆன கயிறு உலகில் இல்லை. பல நார்கள் கூடிப் புரியாகிப் பல புரிகள் முறுக்கேறிக் கயிறாகின்றன. காரணமும் அத்தகையதே. ஆயினும் ஒரு பெருந்துயரம் நிகழ்ந்தவுடன், ‘இதற்குக் காரணம் யாது?’ என்று ஒருமையிலேயே வினவுகிறோம். விடையையும் ஒருமையிலேயே எதிர்பார்க்கிறோம். அவ்வாறு ஒன்று அகப்படாதபோது ‘விதி’ என்று சொல்லி எழுந்து போகிறோம். விதியை மறுப்பவரல்லர் நாம். அச்சொல்லை ஆராய்ச்சியின் வாயிலுக்குப் பூட்டாக்குவது தகுமா என்பதே நம் வினா. சிறு விமானங்களின் விபத்துகளைத் துணையாகக் கொண்டு அதனைச் சிந்திக்கப் புகுகிறோம்.

மதரஸா ஆசிரியருக்கும் விமானத்துக்கும் என்ன உறவு என வாசக அன்பர்கள் வியத்தல் கூடும். நாம் வாழ்வது அம்பத்தூருக்கும் ஆவடிக்கும் இடைப்பட்ட பகுதி. ஒருபுறம் தொழிற்பேட்டையின் கடைசல் பட்டறைகள். மறுபுறம் ஆவடியின் டாங்கித் தொழிற்சாலையும் விமானப்படை நிலையமும். நம்மிடம் ஓதவரும் பிள்ளைகளுடைய தந்தையரிற் பலர் இரும்போடு பழகுவோர். ஆகவே, ஸர்ஃபும் நஹ்வும் படிக்கும் வகுப்பிலே எந்திரங்களைப் பற்றிய ஐயங்கள் எழுவது இங்கே புதுமையன்று.

ஒரு மாலை வகுப்பில் மாணவனொருவன் கேட்டான்: “ஹஜ்ரத், இரண்டு என்ஜின் உள்ள விமானத்தில் ஒன்று நின்றுபோனால் மற்றது காப்பாற்றிவிடும் அல்லவா? பிறகு அவை ஏன் விழுகின்றன?”

நல்ல வினா. விடைக்கு நாம் நாடியது நம் மஹல்லாவின் முதியவர் ஒருவரை. விமானப்படையில் பழுதுபார்க்கும் பணி செய்து ஓய்வு பெற்றவர். ஊரார்க்கு அவர் ‘சார்ஜன்ட் பாய்’. அஸர் தொழுகைக்குப் பின் பள்ளிவாசல் திண்ணையில் அமர்ந்து அவர் சொன்ன விளக்கம், நாம் எந்த நூலிலும் கண்டறியாத எளிமை உடையது.

“ஹஜ்ரத், இரட்டை மாட்டு வண்டியை நீங்கள் பார்த்திருப்பீர்கள். ஓடுகிற வண்டியில் ஒரு மாடு படுத்துவிட்டால் வண்டி பாதி வேகத்தில் நேராகப் போகுமா? போகாது. படுத்த மாட்டின் பக்கமாகத் திரும்பிக் குடைசாயப் பார்க்கும். விமானமும் அப்படித்தான்” என்றார் அவர்.

பிறகு ஒரு கணக்கையும் சொன்னார். இரண்டு என்ஜின்களின் ஆற்றலும் சேர்ந்து 200 பங்கு என்று கொள்வோம். விமானம் விழாமல் சமமாகப் பறப்பதற்கே 80 பங்கு செலவாகிவிடும். எஞ்சிய 120 பங்குதான் மேலே ஏறுவதற்கு. ஒரு என்ஜின் நின்றால் கையிலிருப்பது 100. சமமாகப் பறப்பதற்குப் போக மிச்சம் 20. ஆற்றலில் பாதிதான் போயிற்று; ஏறும் திறனிலோ ஆறில் ஐந்து பங்கு போய்விட்டது. நின்றுபோன என்ஜினின் விசிறி காற்றுக்கு எதிரே அகன்று நின்று தடுக்குமாயின், அந்த மிச்சமும் கரையும். ஆகவேதான், துடுப்பைப் பக்கவாட்டில் திருப்பி நீரைக் கிழிப்பது போல, செத்த என்ஜினின் விசிறி அலகுகளைக் காற்றின் போக்குக்கு இசையத் திருப்பிவிட வேண்டும் என்பது விமானிகளுக்கு முதற்பாடம்.

இத்தனையையும் தரையிலிருந்து சில நூறு அடி உயரத்தில், சில நொடிகளில் செய்து முடிக்க வேண்டும். வேகம் ஓர் எல்லைக்குக் கீழே இறங்கிவிட்டால், வால் சுக்கானை முழுவதும் மிதித்தாலும் விமானம் நேராகாது. ஓடுகின்ற என்ஜினே அதைப் புரட்டித் தள்ளிவிடும். காக்க வந்த இரண்டாவது என்ஜின் கவிழ்க்கும் கருவியாக மாறும் விந்தை இது. பழைய சிறு விமானங்களிற் பல, கோடை வெயிலில் முழுப் பாரத்துடன் கிளம்பும்போது, ஒற்றை என்ஜினால் ஏறவே மாட்டாதவை. இரண்டு என்பது இருமடங்குக் காவலன்று. இரண்டையும் ஆளத் தெரிந்தவனுக்கே அது காவல்.

இது முதற் புரி. அடுத்தது உலோகம்.

இரும்புக்கும் அலுமினியத்துக்கும் களைப்பு உண்டென்றால் பலர் நம்பார். நம் மாணவன் ஒருவனின் தந்தை கடைசல் எந்திரத்தில் பணிபுரிபவர். அவர் ஒரு கம்பியை எடுத்து இருபுறமும் மாறி மாறி வளைத்துக் காட்டினார். பத்துத் தடவை தாங்கியது. மேலும் சில தடவை தாங்கியது. பின்னர் ஓசையின்றி முறிந்தது. கடைசி வளைப்பு முந்தியவற்றைவிட வலியதன்று. முறிவு முதல் வளைப்பிலேயே தொடங்கிவிட்டது. கண்ணுக்குத் தெரிந்தது மட்டுமே கடைசியில்.

விமானத்தின் இறக்கை ஒவ்வொரு பறப்பிலும் வளைந்து நிமிர்கிறது. 1945 ஜனவரி 31 அன்று ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் ஸ்டின்சன் விமானம் ஒன்று இறக்கை முறிந்து வீழ்ந்தது; பத்துப் பேர் மாண்டனர். மூன்று என்ஜின்களோடு பிறந்து, பின்னர் இரண்டு என்ஜின்களுக்கு மாற்றப்பட்ட பழைய விமானம் அது. இறக்கையைத் தாங்கும் தண்டில் உலோகச் சோர்வினால் வெடிப்புக் கண்டிருந்ததை ஆய்வாளர் கண்டனர். அதே நாட்டில் 1951 அக்டோபர் 15 அன்று, பெர்த்திலிருந்து கால்கூர்லிக்குச் சென்ற டி ஹாவிலண்ட் டவ் என்னும் இரட்டை என்ஜின் சிறு விமானமும் அவ்வாறே வீழ்ந்து, ஏழு பேரும் மாண்டனர். இறக்கைத் தண்டின் சோர்வே அங்கும் காரணம். அவ்விமானமோ பழையதன்று, அவ்வகையின் முதல் விமானம் பறந்ததே 1945-இல்தான். ஆண்டுக் கணக்கு மட்டுமே முதுமையைக் காட்டாது; வளைந்து நிமிர்ந்த கணக்கே அதன் உண்மை வயது.

டவ் விமானம் நம் நாட்டுக்கு அயலானதன்று. ‘டெவன்’ என்னும் பெயரில் நம் விமானப்படையில் அது நெடுங்காலம் உழைத்தது. சார்ஜன்ட் பாயும் அவற்றில் கைவைத்தவரே. “வெடிப்பைத் தேடுகிறவன் ‘இருக்காது’ என்று நினைத்துக்கொண்டு தேடக்கூடாது, ஹஜ்ரத். ‘இருக்கிறது, எனக்குத்தான் தெரியவில்லை’ என்று நினைத்துத் தேட வேண்டும்” என்றார். ஹதீஸ் கலையில் அறிவிப்பாளர்களின் வரிசையை ஆராயும் அறிஞர்க்கும் இவ்வுரை பொருந்துமன்றோ எனத் தோன்றியது நமக்கு.

மூன்றாம் புரி, மலையும் முகிலும். இதற்கு நாம் அயல்நாடு போக வேண்டியதில்லை; நீலகிரி போதும். 1950 டிசம்பர் 13 அன்று ஏர் இந்தியாவின் டக்கோட்டா விமானம் ஒன்று கோத்தகிரிப் பகுதியில் ரங்கசாமித் தூண் அருகே மலையில் மோதி அழிந்தது. டக்கோட்டா சிறு விமானமன்று. ஆயினும் இரட்டை என்ஜின் பழம் விமானங்களுள் புகழால் முதலிடம் அதற்கே. அதிலே மாண்டவருள் ஒருவர் ஆபிரகாம் வால்ட், 48 வயதினர், கொலம்பியாப் பல்கலைக்கழகத்துப் புள்ளியியல் பேரறிஞர். சொற்பொழிவாற்ற நம் நாட்டுக்கு வந்த இடத்தில் மனைவியுடன் உயிர் நீத்தார்.

அவர் வரலாற்றில் ஒரு செய்தி நெஞ்சைத் தைப்பது. இரண்டாம் உலகப் போரின்போது, குண்டடிபட்டுத் திரும்பிய விமானங்களை எண்ணிப் பார்த்து எவ்விடத்தைக் காப்பது என முடிவு செய்யும் பணியில் அவரும் ஈடுபட்டிருந்தார். துளைகள் மிகுந்த இடத்துக்குக் கவசம் இடுவதே அறிவு என்று எவருக்கும் தோன்றும். வால்ட் வகுத்த கணித முறையோ வேறு பாடம் புகட்டியது. நம் கண்முன் நிற்பவை திரும்பி வந்த விமானங்கள் மட்டுமே. திரும்பாதவை எங்கே அடிபட்டன? திரும்பியவற்றில் எவ்விடத்தில் துளை அருகியிருக்கிறதோ, அவ்விடத்தில் அடிபட்டவையே திரும்பாதவை. ஆகவே, காணப்படாத துளைகளையும் கணக்கில் கொள்ள வேண்டும். விமானங்கள் எவ்வாறு அழிகின்றன என்று உலகுக்கு எண்ணிக் காட்டிய அறிஞர், நம் மலைச் சரிவில் விமான விபத்திலேயே மறைந்தார்.

வால்டின் பாடம் நம் அன்றாட வாழ்வுக்கும் உரியது. ‘நாற்பது ஆண்டுகளாக இப்படித்தான் செய்கிறோம், ஒன்றும் ஆகவில்லை’ என்று சொல்பவர் யார்? ஒன்றும் ஆகாதவர். ஆனவர் வந்து சொல்வதில்லை. மேகம் சூழ்ந்த வானில் நுழைந்து மீண்ட விமானிகளின் துணிவுக் கதைகளை நாம் கேட்கிறோம். மீளாதவர்க்குக் கதை சொல்ல நாவில்லை. 2001 செப்டம்பர் 30 அன்று உத்தரப் பிரதேசத்து மைன்புரி அருகே மோசமான வானிலையில் வீழ்ந்த இரட்டை என்ஜின் சிறு விமானத்தில், முன்னாள் மத்திய அமைச்சர் மாதவராவ் சிந்தியா உட்பட எட்டுப் பேர் மாண்டனர். கூட்டம் காத்திருக்கிறது, நேரம் குறிக்கப்பட்டிருக்கிறது என்னும் நெருக்கடி, பெரிய மனிதர்கள் பயணம் செய்யும் சிறு விமானங்களைச் சூழ்ந்தே நிற்பது.

நான்காம் புரியே மனத்தை மிகவும் கலக்குவது: மனிதன்.

பீச்கிராஃப்ட் 18 என்பது பழைய இரட்டை என்ஜின் சிறு விமானங்களுள் பெயர்பெற்றது. 1937-இல் முதன்முதல் பறந்து, ஏறத்தாழ 1970 வரை 9,000-க்கும் மேல் செய்யப்பட்டது. குஜராத் முதலமைச்சர் பல்வந்த்ராய் மேத்தா 1965 செப்டம்பர் 19 அன்று பயணம் செய்தது பீச்கிராஃப்ட் விமானத்திலே. போர் நடந்துகொண்டிருந்த காலம். கட்ச் எல்லையருகே பாகிஸ்தானின் போர் விமானம் அதனை எதிர்கொண்டது. பீச்கிராஃப்டின் விமானி ஜஹாங்கீர் எஞ்சினியர், தாம் போர் செய்ய வந்தவரல்லர் என்பதை உணர்த்த இறக்கைகளை அசைத்துக் காட்டினார். போர் விமானி கைஸ் ஹுஸைன் தரையிலிருந்த கட்டுப்பாட்டாளரிடம் கேட்டார், சுடுமாறு கட்டளை வந்தது, சுட்டார். முதலமைச்சரும் அவர் மனைவியாரும் உட்பட எட்டுப் பேர் மாண்டனர்.

இங்கே என்ஜின் பழுதில்லை, உலோகம் சோரவில்லை. எல்லையை வேவு பார்க்க வந்த விமானம் என்ற ஐயம், கட்டளை, கீழ்ப்படிதல் ஆகியவையே கயிறாயின. ஆனால் வரலாறு அங்கே முடியவில்லை. 46 ஆண்டுகளுக்குப் பின், 2011-இல், முதுமையுற்ற கைஸ் ஹுஸைன், மாண்ட விமானியின் மகளாருக்குக் கடிதம் எழுதினார். நடந்ததை நடந்தவாறே விவரித்துத் தம் வருத்தத்தைத் தெரிவித்தார். அம்மையாரும் பகைமையின்றி, மன்னிப்பின் சொற்களால் விடை எழுதினார். பிழையால் உயிர் போயிற்று எனினும் பிழைத்தவனின் பொறுப்பு போவதில்லை என்பது நம் ஃபிக்ஹு நூல்களின் முடிபு. ஓர் உயிருக்கு ஈடு எதுவும் இல்லை. ஆயினும் ‘உன் தந்தை எப்படி இறந்தார்’ என்னும் உண்மையை மகளிடம் சேர்ப்பித்தல் ஒரு கடன். காலம் தாழ்ந்தாயினும் அக்கடன் தீர்க்கப்பட்டது.

அவ்வாறு தீராத கடன் ஒன்று தமிழர் நெஞ்சிலும் உண்டு. மலேயாவிலும் சிங்கப்பூரிலும் தோட்டங்களையும் கடைகளையும் விட்டு, நேதாஜியின் படையில் சேர்ந்த தமிழர் பல்லாயிரவர். அவர்கள் தலைவரின் முடிவாகச் சொல்லப்படுவதும் ஓர் இரட்டை என்ஜின் விமானத்தின் வீழ்ச்சியே. 1945 ஆகஸ்ட் 18 அன்று, இன்று தைப்பே எனப்படும் தைஹோகுவில், ஜப்பானியக் குண்டுவீச்சு விமானம் மேலெழுந்த சில கணங்களில் வீழ்ந்து தீப்பற்றியது என்பர். சைகோனிலிருந்து கிளம்பும்போதே பாரம் மிகுதி என்றும், இடப்புற என்ஜினிலே கோளாறு தோன்றியதென்றும், மேலெழுந்ததும் அவ்வென்ஜின் பிய்ந்து வீழ்ந்ததென்றும், பெட்ரோல் நனைத்த ஆடையில் தீப்பற்றி நேதாஜி அன்றிரவே உயிர் நீத்தார் என்றும் சாட்சியங்கள் உண்டு. உடன் சென்று உயிர் பிழைத்த ஹபீபுர் ரஹ்மானின் சாட்சியமும் அவற்றுள் ஒன்று.

போர் முடிந்த குழப்பத்தில், உலகம் ஏற்கத்தக்க முறையான விமான விபத்து விசாரணை உடனே நடைபெறவில்லை. 1956-இல் ஷா நவாஸ் குழுவும் 1974-இல் கோஸ்லா ஆணையமும் விபத்தை உறுதி செய்தன. 2005-இல் முகர்ஜி ஆணையம் அதனை மறுத்தது. மறுப்பை அரசு 2006-இல் ஏற்கவில்லை. உரிய காலத்தில் புரி புரியாக அவிழ்க்கப்படாத கயிறு, பின்னர் ஆளுக்கொரு திசையில் இழுபடுகிறது.

அதே ஊர், அதே விமானத் தளம். 70 ஆண்டுகள் கழிந்தன. 2015 பிப்ரவரி 4 அன்று தைப்பேயிலிருந்து கிளம்பிய டிரான்ஸ் ஏசியாவின் இரட்டை என்ஜின் விமானம் ஆற்றில் வீழ்ந்தது. 58 பேரில் 43 பேர் மாண்டனர். ஓராண்டுகூடப் பணி செய்யாத புது விமானம். இம்முறை கருவிகள் எல்லாவற்றையும் பதிவு செய்திருந்தன. கட்டுப்பாட்டுக் கருவி ஒன்றில், பற்றவைத்த இணைப்பிலே மயிரிழை வெடிப்பு. அதனால் வலப்புற விசிறி தானே திரும்பிக்கொண்டது. பதற்றத்தில் விமானி, நன்றாக ஓடிக்கொண்டிருந்த இடப்புற என்ஜினை நிறுத்திவிட்டார். படுத்த மாட்டை விட்டு நிற்கும் மாட்டை அவிழ்த்துவிட்ட கதை. பழுதும் பதற்றமும் பயிற்சிக் குறையும் ஒவ்வொரு புரியாகப் பிரித்து வைக்கப்பட்டன. இன்று அவ்விபத்தைப் பற்றி எவரும் புதுக்கதை புனைவதில்லை. விமானிகள் அதனைப் பாடமாகப் பயில்கிறார்கள்.

நம் சென்னைக்கும் இத்தகைய துயரங்கள் புதியனவல்ல. 2015 ஜூன் 8 அன்று சென்னையிலிருந்து கடற்காவலுக்குச் சென்ற கடலோரக் காவல்படையின் டோர்னியர் விமானம் மூவருடன் மறைந்தது. ஒரு மாதத்துக்கும் மேலாகத் தேடி, ஆழ்கடலிலிருந்து அதன் பதிவுக் கருவியை மீட்டனர். 2016 ஜூலை 22 அன்று தாம்பரத்திலிருந்து போர்ட் பிளேர் நோக்கிச் சென்ற விமானப்படையின் ஆன்டனோவ் 32 விமானம் 29 பேருடன் மறைந்தது. ஏழாண்டுகளுக்கு மேல் கழிந்து, 2024 ஜனவரியில், 3,400 மீட்டர் ஆழத்தில் அதன் சிதைவுகள் கண்டறியப்பட்டதாக அரசு அறிவித்தது. ‘கடல் கொண்டது, விதி முடிந்தது’ என்று விட்டிருந்தால் எளிது. விடவில்லை. மாண்டவர்க்குச் செய்யும் மரியாதைகளில் தேடுதலும் ஒன்று என்பதை அது காட்டுகிறது.

இவற்றையெல்லாம் நாம் தேடிப் படித்ததற்கு, மாணவனின் வினா மட்டுமே காரணமன்று. நம்மிடம் ஓதிய இளைஞனொருவன் இப்பகுதிப் பட்டறை ஒன்றில் பவர் பிரஸ் எந்திரத்தில் வேலை செய்து வந்தான். இரண்டு கைகளாலும் இரண்டு பொத்தான்களை அழுத்தினாலன்றி அவ்வெந்திரம் இறங்காது. கை இரண்டும் பொத்தானில் இருந்தால் அச்சுக்கு அடியில் விரல் இருக்க முடியாதல்லவா? விரைவு கருதி, ஒரு பொத்தானைக் குச்சி செருகி எப்போதும் அழுந்தியிருக்குமாறு செய்திருந்தார்கள். ஒருநாள் அவனுடைய வலக்கை விரல்கள் இரண்டு போயின. மருத்துவமனையில் சூழ்ந்து நின்றோர் அனைவரும் ‘நஸீப்’ என்றனர். முதலாளி தரப்பினரும் அதையே மிகுந்த கனிவோடு சொன்னார்கள்.

யார் குச்சி செருகியது? எத்தனை நாளாக அது இருந்தது? மேற்பார்வை செய்பவர் பார்க்கவில்லையா, பார்த்தும் இருந்தாரா? ஒரு மணிக்கு இத்தனை உருப்படி என்று கணக்கு விதித்தவர் யார்? ஒருவரும் கேட்கவில்லை. நாம் கேட்டபோது, ‘ஹஜ்ரத், நீங்களே இப்படிக் கேட்கலாமா?’ என்றார்கள். நாம் கேளாமல் வேறு யார் கேட்பது? அடுத்த வாரம் அதே எந்திரத்தில், அதே குச்சியோடு, வேறொரு பிள்ளை அமர்ந்திருந்தான்.

இரண்டு பொத்தான்களும் இரண்டு என்ஜின்களும் ஒரே தத்துவத்தில் அமைந்தவை: ஒன்று பிழைத்தால் மற்றொன்று காக்கட்டும் என்பது. இரண்டில் ஒன்றை நாமே செயலிழக்கச் செய்துவிட்டு, எஞ்சியது காக்கவில்லையே என்று விதியை நோவது நேர்மையன்று. இறைவன் விதித்ததை அவன் அறிவான். குச்சியைச் செருகியது யார் என்பதை நாம் அறிய வேண்டும்.

பெரிய நாடுகளின் விமான விசாரணைகளில் நாம் கற்கத்தக்க பண்பொன்று உண்டு. எவரைத் தண்டிப்பது என்று தேடுவது அவற்றின் நோக்கமன்று. அடுத்த விமானம் எங்ஙனம் விழாதிருக்கும் என்பதே நோக்கம். ஆகையால் அவை ஒரு விடையோடு நிற்பதில்லை. விமானி தவறினார் என்றால், ஏன் தவறினார், யார் பயிற்றினார், எது அவரைக் குழப்பியது என்று புரிக்குள் புரியாகச் செல்கின்றன. ஏதேனும் ஒரு புரியை அறுத்திருந்தால் அக்கயிறு அத்துயரத்தை இழுத்து வந்திராது; எந்தப் புரியை அறுப்பது எளிது என்று கண்டுகொள்வதே ஆராய்ச்சியின் பயன்.

நம் பட்டறைகளிலும் சாலைகளிலும் இல்லங்களிலும் துயரம் நேரும்போது, பொறுமை கொள்வோம். இறைவனின் ஏற்பாட்டுக்குத் தலை வணங்குவோம். வணங்கிய தலையை நிமிர்த்திய பின், கயிற்றைக் கையில் எடுத்துப் புரி புரியாகப் பிரித்துப் பார்ப்போம். பொறுமை மாண்டவர்க்காகவும் காயமுற்றவர்க்காகவும்; ஆராய்ச்சி, நாளை அந்த எந்திரத்தின் முன் அமரப்போகும் பிள்ளைக்காக.